இலட்சம் படிகளும் ஒரே ராவியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க், இலண்டன் நகரங்களின் நாளிதழ்க் கூடங்களில் இயங்கிய மாபெரும் ரோட்டரி அச்சுப்பொறிகளை அறிவுப் பரவலின் வெற்றியென்று பலர் புகழ்வர். அப்புகழ்ச்சியை நாம் மறுக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டவே விழைகின்றோம்.

கோத்த எழுத்துப் பக்கத்தை நனைந்த அட்டையில் அழுத்திப் பதிவெடுத்து, அதில் ஈயக் கலவையை வார்த்து, வளைந்த தகடாக்கி உருளையில் பொருத்துவர். நீண்ட தாள்சுருள் உருளைகளினூடே ஓடி, அச்சேறி, வெட்டுண்டு, மடிந்து வெளிவரும். ஹோ நிறுவனத்தார் 1890களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹெரால்டு இதழுக்கு அமைத்த பொறி, 8 பக்க இதழை மணிக்கு 72,000 படிகள் வரை தரவல்லதாக இருந்தது. இத்தகைய பொறிக்கு நாள்தோறும் குறித்த வேளையில் செய்தி வேண்டும். சரிபார்க்கும்வரை அது காத்திராது.

விளைவைக் காண்போம். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கிச் சுமார் 1,500 பேர் மாண்டனர். அன்று மாலை நியூயார்க்கின் ஈவினிங் சன் இதழ், அனைவரும் காப்பாற்றப்பட்டனர் எனத் தலைப்பிட்டது. மறுநாள் இலண்டன் டெய்லி மெயிலும் உயிர்ச்சேதம் இல்லை என்றே அறிவித்தது. கண்டவர் எவரும் அவ்வாறு சொல்லவில்லை. கடலிலிருந்து வந்த துண்டுத் தந்திகளும் ஊகங்களுமே செய்தியாகிப் படிபடியாய்ப் பெருகின.

ஹதீஸ் கலை வல்லார் இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகின்றனர். ஒவ்வொரு தலைமுறையிலும், பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவு பலர் அறிவித்ததே முதவாத்திர். ஒருவர் வழி வந்ததை ஆயிரம் பேர் எழுதி வைத்தாலும், அதன் மூலம் அந்த ஒருவரே. அச்சுப்பொறி படிகளைப் பெருக்கியது, ராவிகளைப் பெருக்கவில்லை. இவ்வேறுபாட்டை உணராத வாசகர், எண்ணிக்கையையே சான்றாகக் கொண்டனர்.

பழியைப் பொறியின்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று. அதே இரவில், அத்தகைய பொறிகளே இயங்கிய நியூயார்க் டைம்ஸின் நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆண்டா, கப்பலின் கம்பியில்லாத் தந்தி நள்ளிரவுக்குப்பின் அறவே ஓய்ந்ததை ஆராய்ந்து, அது மூழ்கியிருக்கவே வேண்டுமென முடிவு செய்தார். ரிவாயத்தோடு நில்லாது திராயத்தையும் அவர் கையாண்டார் எனலாம்.

இன்று கைப்பேசி ஒரு நொடியில் அப்பொறிகளை வென்றுவிடுகின்றது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற மறைக் கட்டளையோ மாறவில்லை. எத்தனை பேர் அனுப்பினர் என்பதைவிட, முதலில் சொன்னவர் யார், அவர் கண்டவரா என்று வினவும் வழக்கத்தை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக.