யாழ்ப்பாணத்து மேளச்சமா: பாணியும் தரமும்

கோயிலில் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் இருந்து கேட்கிற முதல் கேள்வி, "இந்தமுறை தேருக்கு ஆர் மேளம்?" என்பதுதான். பூசை எத்தனை மணிக்கு, சாமி எந்த வாகனத்தில் வருகிறது என்பதெல்லாம் பிறகு. அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அன்றிரவு வீதியில் பாய் விரிப்பதா, பூசை முடிந்ததும் வீடு திரும்புவதா என்று முடிவு செய்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அந்தத் தலைமுறையின் மடியில் படுத்துக் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மேளச்சமா என்ற சொல் குடாநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பழக்கம் குறைவு. இரண்டு, மூன்று, சில வேளை அதற்கும் கூடுதலான கூட்டு நாதஸ்வர, தவில் வித்துவான்களை ஒரே திருவிழாவுக்கு அழைத்து, ஒருவருக்கு எதிரே ஒருவராக இருத்தி வாசிக்கவைப்பதே சமா. இதை வளர்த்தது எங்கள் உபய முறை. ஒவ்வொரு நாள் திருவிழாச் செலவையும் ஒருவர் ஏற்பது உபயம்; பத்து நாள் திருவிழா என்றால் பத்து உபயகாரர். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டு மேளம் பிடித்தால் இன்றையவர் நான்கு பிடிப்பார். சாத்துப்படி, சப்பறம், வாணம் எல்லாவற்றிலும் இந்தப் போட்டி உண்டு. வாணம் எரிந்தால் புகைதான் மிச்சம். மேளத்துக்குக் கொடுத்த காசுதான் ஊரின் செவியை வளர்த்தது.

சமா நடக்கும் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். வசந்தமண்டபத்தில் பூசை முடிந்து சாமி எழுந்தருளும்போது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில், சொல்லில்லாமல், தவிலோடு சேர்ந்து நிமிர்ந்து நடக்கிற இசை அது. உள்வீதி சுற்றி வெளிவீதிக்கு வந்து, சாமி ஓரிடத்தில் தரித்ததும் சனம் வட்டமாக இருக்கும். ஒரு நாதஸ்வரம் இராகத்தைத் தொடங்கும். மற்றது அதை வாங்கி வளர்க்கும். கீர்த்தனையோ பல்லவியோ முடிந்தபின் தவிலுக்கு இடம் விடுவார்கள். முதல் தவில் தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம் ஒன்றை வாசித்தால் எதிர்த்தவில் ஒரு ஆவர்த்தனம் பதில் சொல்லும். பிறகு அரை, கால் என்று அளவு குறைந்துகொண்டே வரும். குறைப்பு என்பது இதுதான். கடைசியில் இரு தவிலும் ஒன்றாகி மோரா, கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டுகளை வாசித்து இறங்கும் இடத்தில், கச்சான் விற்கிற ஆச்சியின் கைகூட நின்றுவிடும்.

இதற்குத் தீர்ப்பாளர் கிடையாது, புள்ளி கிடையாது. ஆனாலும் யார் வென்றார் என்பது விடியுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தீர்ப்பாளரும் புள்ளியும் உள்ள போட்டிகளும் இருக்கின்றன. கனடாவில் இருக்கிற என் மச்சாள் வீட்டில் குளிர்கால ஒலிம்பிக் வந்தால் பனிச்சறுக்கு நடனத்தைத் தவறவிட மாட்டார்கள். அங்கேயும் வருடக்கணக்காக மறக்காத ஆட்டமும் உண்டு, மறக்க விரும்புகிற ஆட்டமும் உண்டு. 1984இல் சரயேவோவில் ஜேன் டோர்வில், கிறிஸ்டபர் டீன் இணை ராவெலின் பொலேரோவுக்கு ஆடியபோது, கலையழகுக்கு ஒன்பது தீர்ப்பாளரும் முழுப்புள்ளியான 6.0 கொடுத்தார்கள். 2002இல் சோல்ட் லேக் சிற்றியில் ஒரு தீர்ப்பாளர் நெருக்குதலுக்கு உள்ளானார் என்ற சர்ச்சையில் இரண்டாமிடம் பெற்ற கனேடிய இணைக்கும் பிறகு தங்கம் கொடுக்க வேண்டி வந்தது; அந்த 6.0 முறையே கைவிடப்பட்டது. அங்கே நுட்பத்துக்கு ஒரு புள்ளி, அழகுக்கு ஒரு புள்ளி என்று பிரித்துவைத்திருந்தார்கள் என்று கேட்டபோது எனக்கு எங்கள் வீதி ஞாபகம் வந்தது. நாங்கள் அதைக் கணக்கு என்றும் சுகம் என்றும் சொல்லிவந்தோம். கணக்குக்காரன், சுகக்காரன் என்று வித்துவான்களைப் பிரித்துப் பேசுவார்கள். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால், அந்தப் பெயரை மூன்று தலைமுறை சொல்லும்.

இந்தக் கலையின் ஊற்று தஞ்சை மண். தவிலுக்குப் பலாமரம், நாதஸ்வரத்துக்கு ஆச்சாமரம், சீவாளிக்கு நாணல் என்று கருவிகளும் அங்கிருந்தே வந்தன. நரசிங்கம்பேட்டை நாயனம் என்றால் இங்கே கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வித்துவக் குடும்பங்கள் சில அங்கிருந்து வந்து இங்கே வேரூன்றின, கொண்டும் கொடுத்தும் உறவாயின. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி, காருகுறிச்சி அருணாசலத்தின் குழைவு, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் தவில், நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையின் விரல் என்று அக்கரைப் பாணிகளை இங்கே சாதாரண கமக்காரனும் பேசினான். சேக் சின்னமௌலானா இலங்கைக்கு வந்து வாசித்தபோது, ஒரு முஸ்லிம் பெரியவர் முருகன் சந்நிதியில் வாசிக்கிறாரே என்று யாரும் வியக்கவில்லை. இராகம் எப்படி என்றுதான் பேசினார்கள்.

ஆனால் யாழ்ப்பாணம் அந்தப் பாணிகளை வாங்கி அப்படியே வைத்திருக்கவில்லை. இங்கே தவிலுக்குக் கிடைத்த இடம் தனி. பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து அதைச் சமாவின் நடுவுக்கு இழுத்துவந்தது இந்த மண்ணின் ரசிகக் கூட்டம். இராக ஆலாபனை நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவன்கூடத் தனித்தவில் தொடங்கியதும் முழங்காலில் விரலை மடக்கித் தாளம் எண்ணத் தொடங்குவான்.

ஊர்களும் அப்படியே பிரிந்தன. இணுவில் என்றால் தவில். விசுவலிங்கம், அவர் மகன் தட்சணாமூர்த்தி, பிறகு சின்னராசா, புண்ணியமூர்த்தி என்று அந்த ஊர் ஒழுங்கைகளுக்குள் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் பலகையில் கழி தட்டும் ஓசை கேட்கும். அளவெட்டி என்றால் என்.கே. பத்மநாதன், நல்லூர்க் கந்தன் வீதியில் நெடுங்காலம் ஒலித்த குழல் அது. அவசரமே இல்லாமல் ஒரு சுரத்தில் நின்று, அந்த நிற்பிலேயே இராகத்தைக் காட்டுகிற வாசிப்பு. சாவகச்சேரியில் பஞ்சாபிகேசன். கைதடியில் பழனியின் தவில். கானமூர்த்தி, பஞ்சமூர்த்தி சகோதரர்களின் இணைக்குழல் எங்கே என்றாலும் வடமராட்சியிலிருந்தும் தீவுப் பகுதியிலிருந்தும் சனம் வந்தது. மாவிட்டபுரத்துக்கும் நாச்சிமார்கோயிலடிக்கும் கோண்டாவிலுக்கும் தனித்தனிப் பெருமை உண்டு. இந்தப் பக்க அளவுக்குள் எல்லாரையும் சொல்ல முடியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

தட்சணாமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1933இல் இணுவிலில் பிறந்தவர். பின்னாளில் அளவெட்டியில் வாழ்ந்ததால் இரண்டு ஊரும் அவரைத் தங்களுடையவர் என்று சொல்லும். தஞ்சையிலிருந்து கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் போய்த் தஞ்சையை எழுந்திருக்க வைத்தார் என்றால் அது இவர்தான். தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வரங்களுக்கு வாசித்தார், அங்குள்ள பெரிய தவில்காரர்களோடு சரிசமமாக இருந்து வாசித்தார். 1975இல், இன்னும் எவ்வளவோ வாசிக்க இருக்கிற வயதில் மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. ஒலிநாடாக்களில் அவரைக் கேட்கிற எவரும் முதலில் கவனிப்பது வேகத்தை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: அந்த வேகத்திலும் ஒரு சொல் இன்னொரு சொல்லோடு ஒட்டாது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுகிற ஒவ்வொரு அடியையும் எழுதி எடுக்கலாம். இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் ஓசை அதட்டாது, பேசும். நடுவில் அவர் விடுகிற இடைவெளி இருக்கிறதே, அடுத்த சொல் எங்கே விழும் என்று கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அந்தக் கணம், அதைப் பயிற்சியால் மட்டும் கொண்டுவர முடியாது.

இப்போது தரம் என்பது என்ன என்ற கேள்விக்கு வரலாம். ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32, இரண்டு ஆவர்த்தனம் 64. ஒரு சொற்கட்டை 20 மாத்திரைக்கு அமைத்து, இரண்டு மாத்திரை இடைவெளி விட்டு மூன்று தரம் வாசித்தால் சரியாக 64இல் வந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழும். இது பள்ளிக்கூடக் கணக்கு, எந்த மாணவனும் போடுவான். நடையை ஐந்து மாத்திரைக் கண்டமாக்கி, தொடங்கும் இடமான எடுப்பை அரை எண்ணிக்கை தள்ளி, நடுவிலுள்ள இடைவெளியையும் மாற்றி, அதே கோர்வையைத் தடுமாறாமல் இறக்குகிறவனைத்தான் சபை நிமிர்ந்து பார்க்கும். எதிர்த்தவில்காரர் அதை ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் திருப்பி வாசித்து, தன்னுடையதாக ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால், அங்கேதான் சமா பிறக்கிறது. ஆகவே என் அளவுகோலில் முதல் தகுதி கை அல்ல, செவி. எதிராளி வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துத் தாளம் போட்டுக் கேட்கிறவன்தான் நல்ல வித்துவான். நாதஸ்வரத்துக்கும் அப்படியே. தவில் தனி முடிந்து குழல் மறுபடி பல்லவியை எடுக்கும்போது சுருதியும் காலப்பிரமாணமும் விட்ட இடத்திலேயே இருக்கவேண்டும். பல சமாக்கள் இந்த ஒரு இடத்தில்தான் கவிழ்ந்திருக்கின்றன.

என் வாழ்நாளில் மறக்க முடியாத சமா எது என்று கேட்டால், பேரறிஞர்கள் கூடிய பெரிய கோயில்களை விட்டுவிட்டு, 1990களின் முற்பகுதியில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் நடந்ததைச் சொல்வேன். போரால் 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிருந்தது. மண்ணெண்ணெய் பவுணை விடப் பெறுமதியாக இருந்த காலம். இரண்டு பெற்றோமாக்ஸ், ஒலிபெருக்கி கிடையாது. விமானம் வருமோ என்ற பயத்தில் நேரத்தோடு முடிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டே இரண்டு கூட்டு. மைக் இல்லாததால் சனம் அமைதியாக இருந்தால்தான் கேட்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். கைக்குழந்தைகளைக்கூடத் தூரத்துக்குக் கொண்டுபோனார்கள். சீவாளியிலிருந்து மூச்சு புறப்படுவதும், வார் இழுபடும் ஓசையும், கழி தோலைத் தொட்டு எடுபடும் நுனிச்சத்தமும் அன்றுதான் எனக்கு முதன்முதலாகக் கேட்டன. காம்போதியில் ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் தொடங்கினார். எங்கே கை மாறியது என்று கண்ணை மூடியிருந்தவனுக்குத் தெரியாது. தவில் இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சாமல் ஏறின. முடிந்ததும் இரு தவில்காரரும் தவிலைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் வென்றார் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையானபோது தவில்களும் சைக்கிள் கரியரில் ஏறிச் செம்மணி வெளியைக் கடந்தன. வித்துவான்கள் வன்னிக்கும் தமிழ்நாட்டுக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்குமாகச் சிதறினார்கள். கலை செத்துவிடும் என்று பயந்தோம். சாகவில்லை. இன்று இணுவிலிலும் அளவெட்டியிலும் இளம் பொடியள் வாசிக்கிற கணக்கை என் வயதுக்காரர் மெச்சத்தான் வேண்டும். கைவேகத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. தட்சணாமூர்த்தியின் மகன் உதயசங்கர் போன்றவர்கள் அந்த மரபைக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் தேர்த்திருவிழாவுக்கு இங்கிருந்து வித்துவான்கள் விமானம் ஏறுகிறார்கள்.

மறக்க விரும்புகிற சமாக்களும் இந்த நல்ல காலத்தில்தான் நடந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்த்திருவிழாவுக்குப் பதினைந்து கூட்டு மேளம் பிடித்திருந்தார்கள். முப்பதுக்கு மேல் தவில். எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கின. ஆளுயர ஒலிபெருக்கிகள் நான்கு பக்கமும். இராகம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கீபோர்ட்டும் சேர்ந்து சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டது. கைபேசியில் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர், தாளம் போட்டவர் ஒருவரும் இல்லை. நடுவில் ஒரு இளைஞன் அருமையான, ஏழு மாத்திரை மிஸ்ரநடைக் கோர்வை ஒன்று வைத்தான். அது சமத்தில் விழுந்ததை நானும் எனக்கு அருகில் நின்ற ஒரு கிழவரும் மட்டும் பார்த்துத் தலையாட்டினோம். எதிர்த்தவில் அதைக் கேட்கவே இல்லை. அந்தப் பொடியனின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தவறு வித்துவான்களுடையது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டதைக் கொடுக்கிறார்கள். கேட்கிற நாங்கள்தான் எண்ணிக்கையைக் கேட்டோம்.

சினிமாப் பாட்டுக்கு நான் விரோதியல்ல. காருகுறிச்சியின் குழல் 1962இல் கொஞ்சும் சலங்கை படத்துக்குள் போய் வீடுவீடாக நாதஸ்வரத்தைக் கொண்டுசேர்த்தது. அந்தப் பாட்டும் சுத்தமான ஆபேரிதான். சாமி ஊஞ்சலில் ஆடும் வேளையிலோ பிள்ளைகள் கேட்கும்போதோ ஒன்றிரண்டு வாசிக்கட்டும். இராகத்துக்கும் பல்லவிக்கும் உரிய நேரத்தை அது தின்னக்கூடாது.

இதை வாசிக்கிற உபயகாரர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். பத்துக் கூட்டுக்குச் செலவழிக்கிற காசில் இரண்டு கூட்டைப் பிடித்து, இருவருக்கும் நிறைவாகக் கொடுங்கள். இராகத்துக்கு ஒரு மணித்தியாலம் விட்டு, அந்த நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவையுங்கள். திருவிழா நோட்டீசில் "சிறப்பு மேளக்கச்சேரி" என்று மட்டும் அச்சடிக்காமல், நாதஸ்வரம் யார், தவில் யார், ஒத்தும் தாளமும் யார் என்று ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். தாத்தாமாரிடமும் பேத்திமாரிடமும் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றுதான்: வருகிற தேருக்கு வீதிக்கு வரும்போது ஒரு பாயைக் கொண்டுவாருங்கள், இருந்து கேட்போம்.