திருப்புதலும் திரும்புதலும்: செவிலியத் தமிழில் வினைச்சொல்லும் நோயாளியின் பாதுகாப்பும்

1. முன்னுரை

மருத்துவத் தமிழைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லையே அலகாகக் கொண்டு நடந்துள்ளன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884) காலம் தொட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ப் பெயரைத் தேடுவதே முதன்மைப் பணியாகக் கருதப்பட்டு வந்துள்ளது. உறுப்பு, நோய், மருந்து, கருவி ஆகியவற்றின் பெயர்களைப் பொறுத்தவரை இம்முறை பயன் தந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

செவிலியப் பணியின் மொழியோ வினையை மையமாகக் கொண்டது. படுக்க வைத்தல், திருப்புதல், தூக்குதல், ஊட்டுதல், கேட்டறிதல், தெரிவித்தல் ஆகிய செயல்களே அதன் உள்ளடக்கம். ஒவ்வொரு செயலிலும் யார் செய்வது, யாருக்குச் செய்வது, எப்பக்கமாகச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது செய்வது என்னும் ஐந்து செய்திகள் அடங்கியுள்ளன. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் நோயாளிக்குத் தீங்கு நேரலாம். பெயர்ச்சொல்லை மட்டும் பெயர்க்கும் முறை இச்செய்திகளை எவ்வாறு நழுவவிடுகிறது என்பதையும், தமிழின் வினையமைப்பும் வாழும் வழக்கும் அவற்றை எவ்வாறு காக்கவல்லன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கிடக்கை நிலைகளின் பெயர்கள்

நோயாளியைப் படுக்க வைக்கும் நிலைகளுக்கு ஆங்கில மருத்துவம் இருவகைப் பெயர்களைக் கையாள்கிறது. சுப்பைன், புரோன் போன்றவை இலத்தீனிலிருந்து பெற்றவை. ஃபவுலர், டிரெண்டலன்பர்க், சிம்ஸ் போன்றவை அறுவை மருத்துவர்களின் பெயரால் அமைந்தவை. இவற்றுக்கு நேர்நிகரன் தேடும் மொழிபெயர்ப்பாளர் முதல் வகைக்குப் புதுச்சொல் படைக்க முற்படுகிறார். இரண்டாம் வகையை ஒலிபெயர்த்து அமைகிறார்.

முதல் வகைக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்னும் மூன்று வினையடைகள் தமிழில் எழுத்தறியாதவரும் அறிந்தவை. திராவிட மொழிகள் பலவற்றிலும் இத்தகைய சொற்கள் வழங்குகின்றன. மல்லாந்து படுத்தலைத் தெலுங்கு ‘வெல்லகிலா’ என்றும் கன்னடம் ‘அங்காத’ என்றும் மலையாளம் ‘மலர்ந்நு’ என்றும் குறிக்கும். குப்புறப் படுத்தலுக்குத் தெலுங்கில் ‘போர்லா’, கன்னடத்தில் ‘போரலு’, மலையாளத்தில் ‘கமிழ்ந்நு’ என்னும் சொற்கள் உள்ளன. பக்கவாட்டில் படுத்தலை மலையாளம் ‘சரிஞ்ஞு’ என்று சொல்லும். தமிழகப் பொது வழக்கிலோ ‘சரிந்து’ என்பது நிலைகுலைந்து கீழிறங்குதலையே முதன்மையாகச் சுட்டும். மலையாளம் பேசும் செவிலியர் தமிழ் நோயாளியிடம் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது எழக்கூடிய மயக்கம் சொற்பட்டியல்களின் எல்லைக்குள் வருவதில்லை. இன மொழிகளுக்கிடையே ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களை மருத்துவமனைச் சூழலில் தொகுத்து ஆராய்தல் ஒப்பியலார்க்கு ஏற்ற பணியாகும்.

வழக்குச்சொல்லின் ஆற்றல் 2021ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கொரோனா இரண்டாம் அலையின்போது, வீட்டிலிருக்கும் நோயாளிகள் மூச்சுத்திணறலின்போது குப்புறப் படுத்தல் பற்றிய அறிவுரை ஒன்றை இந்திய நலவாழ்வு அமைச்சகம் வெளியிட்டது. இரத்தத்தில் உயிர்வளி அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் இம்முறையைக் கையாளலாம் என்றும், உணவுண்ட பின் ஒரு மணி நேரம் தவிர்க்க வேண்டும் என்றும், கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறியது. ‘குப்புறப் படுங்கள்’ என்ற இரண்டு சொற்களில் இந்நிலையைத் தமிழில் எவரும் விளங்கிக்கொள்ள முடியும். ஆயினும் நிலையின் பெயர் விளங்கினால் மட்டும் போதாது. கழுத்தின் கீழும், மார்பு முதல் மேல்தொடை வரையிலும், கணுக்காலுக்கு மேலுள்ள முன்காலின் கீழும் தலையணைகள் வைத்தல் அம்முறையின் இன்றியமையாத பகுதி. ‘எப்படிப் படுப்பது’ என்பது பெயரில் அடங்கிவிட, ‘எவற்றின் மேல் படுப்பது’ என்பது வாக்கியத்தில்தான் அடங்கும்.

இரண்டாம் வகையில் சிக்கல் மிகுதி. ‘ஃபவுலர் நிலை’ என்னும் தொடர் நோயாளியின் தலைப்பக்கத்தை எத்தனை பாகை உயர்த்த வேண்டும் என்பதைக் கூறுவதில்லை. இதற்குப் பாடநூல்கள் தரும் பாகைகளும் ஒன்றுபோல் இல்லை. மூலமொழியிலேயே நெகிழ்வாக உள்ள ஒரு பெயரை ஒலிபெயர்க்கும்போது அந்நெகிழ்வும் உடன் வந்துவிடுகிறது. ‘கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திச் சாய்ந்திருக்கச் செய்க’ என்னும் தமிழ் வாக்கியம் மூலப்பெயரைக் காட்டிலும் துல்லியமானது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக அமைதல் குறையன்று. செவிலிய நூலுக்கு அது தேவையாகும்.

3. தன்வினையும் பிறவினையும்

‘பொசிஷனிங்’ என்பதற்கு ‘நிலைப்படுத்தல்’ என்னும் ஆக்கம் எளிதில் தோன்றும். எனினும் இப்பெயர் நோயாளி தாமே நிலை மாறுகிறாரா, பிறர் மாற்றுகின்றனரா என்பதைத் தெரிவிப்பதில்லை. தமிழ் வினைச்சொற்களோ இவ்வேறுபாட்டைத் தம் வடிவிலேயே கொண்டுள்ளன. திரும்பு - திருப்பு, புரள் - புரட்டு, எழு - எழுப்பு என்பன சொல்லளவில் வேறுபடுகின்றன. சாய்ந்தார் - சாய்த்தார், கவிழ்ந்தார் - கவிழ்த்தார் என்பன இடைநிலையால் வேறுபடுகின்றன. படு, உட்கார் போன்றவை ‘படுக்க வை’, ‘உட்கார வை’ எனத் துணைவினை பெறுகின்றன. தாமே திரும்பக்கூடியவரைத் திருப்புவது அவருடைய எஞ்சிய ஆற்றலைக் குறைக்கும். திரும்ப இயலாதவரிடம் ‘திரும்புங்கள்’ என்று சொல்லி அகல்வது அவரைக் கீழே விழச் செய்யலாம். எனவே தன்வினை, பிறவினை வேறுபாடு ஈண்டு இலக்கணச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

அலுவல் நடையின் செயப்பாட்டுவினை இவ்வேறுபாட்டை மறைக்கிறது. ‘நோயாளி இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பப்பட வேண்டும்’ என்னும் வாக்கியத்தை நோக்கலாம். இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவதாக, திருப்புபவர் யாரென்பது இல்லை. இந்திய மருத்துவமனைகளில் இப்பணியில் உடனிருக்கும் உறவினர் பங்குகொள்வது இயல்பு. ஆகவே யாரை நோக்கிய ஆணை என்பது தெளிவாகாவிடில் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வாரென எண்ணக்கூடும். இரண்டாவதாக, ‘இரண்டு மணிக்கு’ என்பது இரண்டு மணி நேர இடைவெளியையும் கடிகாரத்தின் இரண்டு மணியையும் குறிக்கும். ‘இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை’ என்பதே மயக்கமற்றது. மூன்றாவதாக, எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்திற்கு என்பது இல்லை. ‘இடப்பக்கம் திருப்புக’ என்று சேர்த்தாலும், கட்டிலின் எதிரே நிற்பவருக்குத் தம் இடமும் நோயாளியின் இடமும் முரண்படும். ‘நோயாளியின் இடத்தோள் படுக்கையில் படியுமாறு ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்’ என்பதில் திசை நோயாளியின் உடலோடு பிணைக்கப்படுகிறது.

முதுகெலும்பில் அடிபட்டவரைத் திருப்பும் முறை மற்றொரு சான்று. தலை, கழுத்து, உடல் ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்க, ஒருவர் தலையைப் பிடித்து ஆணையிட, ஏனையோர் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலம் இதனை மரக்கட்டை உருளுதலோடு உவமித்துப் பெயரிட்டுள்ளது. ‘கட்டை உருட்டல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘உருட்டு’ என்னும் வினை முழுச்சுற்றையும் கட்டுப்பாடின்மையையும் உணர்த்திவிடும். ‘திருப்பு’ என்பது தலையை மட்டும் திருப்புவதற்கும் பொருந்துமாதலால் அதுவும் தனித்து நிற்க இயலாது. தமிழில் ‘ஒருசேர’ என்னும் வினையடை உண்டு. ‘தலை முதல் இடுப்பு வரை வளையாமல் ஒருசேரத் திருப்புக’ என்பதில் அவ்வடையே விதியின் உயிர்நிலையாக அமைகிறது.

4. ‘புண்’ என்னும் சொல்லின் காலம் தாழ்ந்த எச்சரிக்கை

நெடுங்காலம் அசையாது படுத்திருப்போருக்குத் தோன்றும் தோற்சேதத்தை ஆங்கிலம் முன்பு படுக்கையோடு தொடர்புபடுத்தியும், பின்னர் அழுத்தத்தோடு தொடர்புபடுத்தியும் பெயரிட்டது. 2016இல் அமெரிக்கத் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு, புண் என்னும் பொருள்தரும் சொல்லை நீக்கி ‘இஞ்சுரி’ என்னும் சொல்லை ஏற்றது. இதன் முதல் நிலையில் தோல் கிழிவதே இல்லை. அழுத்திப் பார்த்தால் வெளிறாத சிவப்பே அறிகுறி. கிழியாத தோலைப் புண் என்றழைப்பது பொருந்தாது என்பது அம்மாற்றத்திற்கான காரணங்களுள் ஒன்று.

தமிழில் ‘படுக்கைப்புண்’ என்னும் சொல் நன்கு வேரூன்றியுள்ளது. அதன் இரு உறுப்புகளும் தவறான வழியைக் காட்டக்கூடும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் இச்சேதம் நேரும். ஆனால் ‘படுக்கை’ என்னும் சொல் அவரை விலக்கிவிடுகிறது. ‘புண்’ என்பது தோல் கிழிந்து ஈரம் கசியும் நிலையையே வழக்கில் உணர்த்தும். ‘புண் வந்திருக்கிறதா பாருங்கள்’ என்று கேட்கப்படும் உறவினர், முதல் நிலையைக் கண்டும் ‘இல்லை’ என்றே உண்மையாக விடையளிப்பார். காப்பதற்குரிய காலம் அவ்விடையில் கடந்துவிடுகிறது.

‘சிவத்தல்’ என்னும் அறிகுறியும் ஆராயத்தக்கது. கருநிறத் தோலில் அச்சிவப்பு தெளிவாகத் தெரிவதில்லை. அவ்விடத்தின் வெம்மை, கடினத்தன்மை, சுற்றுப்புறத்தினின்றும் வேறுபட்ட நிறம் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டியிருக்கும். மூலநூலில் உள்ள நிறச்சொல்லை அப்படியே பெயர்ப்பது தமிழ் பேசும் நோயாளியர் பலருடைய உடலுக்குப் பொருந்தாத அறிவுரையாக முடியும். அழுத்தத்தாலோ உராய்வாலோ தோல் கிழியாமல் நிறமும் தன்மையும் மாறுவதைக் ‘கன்றுதல்’ என்னும் வினை குறிக்கும். ‘இடுப்பு, குதிகால், பிடரி ஆகிய இடங்களில் தோல் கன்றியுள்ளதா எனத் தொட்டுப் பார்க்கவும்’ என்னும் வாக்கியம் நிறம் ஒன்றையே நம்பியிராதது. முதல் நிலைக்கே பொருந்துவது.

5. உண்ணல், பருகல், புரையேறல்

‘ஆஸ்பிரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஒலியியலார் மூச்சொலியைக் குறிக்கப் பயன்படுத்துவர். மருத்துவத்தில் அது ஊசியால் நீர்மத்தை வெளியே இழுத்தலையும், உணவோ நீரோ மூச்சுக்குழாயில் புகுதலையும் குறிக்கும். இரண்டிற்கும் ‘உறிஞ்சல்’ என்னும் ஒரே நிகரனை வழங்கினால், வேண்டிய செயலும் வேண்டாத விபத்தும் ஒரே பெயர் பெறும். பின்னதைத் தமிழ்மக்கள் ‘புரையேறுதல்’ என்பர். இருமலின்றியும் மூச்சுக்குழாயில் உணவு புகலாம் என்னும் விளக்கத்தை மட்டும் இச்சொல்லோடு சேர்க்க வேண்டும்.

விழுங்கும் ஆற்றல் குறைந்தவர் தலையைப் பின்னே சாய்த்துப் பருகுதல் தீங்கானது. உதடு படாமல் அண்ணாந்து நீர் பருகும் வழக்கம் உள்ள வீட்டில், ‘நிமிர்ந்து உட்கார வைத்து நீர் கொடுக்கவும்’ என்னும் பெயர்ப்பு போதுமானதன்று. மூலத்தில் இல்லாத ‘அண்ணாந்து குடிக்க விடக்கூடாது’ என்னும் எதிர்மறை ஏவலை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தாக வேண்டும்.

அறுவைக்கு முன் உண்ணாதிருக்கச் சொல்லும் அறிவுரையும் இத்தகையதே. ‘காலையில் சாப்பாடு கூடாது’ என்றால், சாப்பாடு என்பதைச் சோற்றுணவாகக் கொள்பவருக்கு இட்டிலி பலகாரமாகவும், காப்பி பானமாகவும் விலக்குப் பெறும். அமெரிக்க மயக்கவியலார் சங்கத்தின் நெறிமுறை, உடல்நலமுள்ளவர் திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர்மங்களைப் பருகலாம் என்றும், பாலுக்கும் எளிய உணவுக்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் வகுக்கிறது. பால் கலந்த காப்பி இதன்படி உணவின் பக்கமே சேரும். ‘உணவு’ என்னும் பொதுச்சொல்லால் இவ்வெல்லைக்கோட்டை வரைய இயலாது. சோறு, பலகாரம், பால், காப்பி, தண்ணீர் எனப் பெயர் சுட்டியே வரைய வேண்டும்.

6. கேட்டலும் தெரிவித்தலும்

2007இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளுள் நோயாளியை அடையாளங்காணலும் பணி ஒப்படைப்பின்போது நிகழும் தகவல் பரிமாற்றமும் அடங்கும். குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்பதும், அறை எண் அவற்றுள் ஒன்றாகக் கூடாது என்பதும் அவற்றின் நெறி. தமிழ் வினாவமைப்பு இங்குக் கவனிக்கத்தக்கது. ‘நீங்கள் முருகேசன்தானே?’ என்பது உடன்பாட்டை எதிர்நோக்கும் வினா. அரைத்தூக்கத்தில் உள்ளவரும் காது மந்தமானவரும் மரியாதை கருதி ‘ஆமாங்க’ என்று கூறிவிடுவர். ‘உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?’ என்னும் வினாக்கள் நோயாளியின் வாயிலிருந்தே செய்தியை வருவிக்கின்றன. தலைப்பெழுத்தால் மட்டும் வேறுபடும் பெயர்கள் ஒரே கூடத்தில் அமையக்கூடிய சூழலில் இரண்டாம் வினா இன்றியமையாதது.

‘சரிங்க’, ‘ம்’ ஆகிய மறுமொழிகளும் அவ்வாறே. இவை கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டுமேயன்றிப் புரிந்துகொண்டதைக் காட்டா. ‘புரிந்ததா?’ என்பதற்குப் பதிலாக, ‘வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்பதே தகும்.

செவிலியர் மருத்துவருக்குத் தெரிவிக்கும் முறை ஒன்று அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிப் பின்னர் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பின் வழியே மருத்துவமனைகளுக்கு வந்தது. இதன் நான்கு படிகளை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை எனப் பெயர்க்கலாம். இறுதிப் பெயர் சிக்கலுக்குரியது. தமிழில் பரிந்துரை என்பது வல்லுநரோ அதிகாரியோ குழுவோ வழங்குவது. பணிநிலையில் கீழுள்ளவர் மேலுள்ளவரிடம் செய்வது வேண்டுகோள் எனப்படும். ஆனால் அப்படியின் நோக்கம் கீழிருந்து மேலே தயக்கமின்றிச் சொல்ல இடமளிப்பதாகும். ‘ஐயா, மூச்சு வேகம் கூடிக்கொண்டே போகிறது, நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்’ என்னும் வாக்கியத்தில் மதிப்பும் வற்புறுத்தலும் ஒருங்கே இயைகின்றன. பயிற்சி நூலில் பெயரைத் தந்து இவ்வாக்கியத்தைத் தராமல் விடுவது, படியின் தலைப்பை மட்டும் கற்பிப்பதாகும்.

7. முடிவுரை

தேர்வு, பதிவேடு, ஆய்வு ஆகியவற்றுக்குத் தரப்படுத்திய கலைச்சொற்கள் தேவை. வழக்குச்சொற்கள் வட்டாரந்தோறும் வேறுபடும் என்பதும் உண்மை. ஆதலின் கலைச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. தலைப்பிலும் பதிவிலும் கலைச்சொல்லும், அறிவுரை வாக்கியத்தில் வட்டாரம் ஏற்கும் வினைச்சொல்லும் அமையலாம்.

செவிலிய நூலைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், யாரை, எப்பக்கம், எவ்வளவு, எப்போது என்னும் வினாக்களுக்கு விடை உண்டா எனச் சோதித்தல் வேண்டும். மூலத்தில் விடை இல்லாவிடினும் தமிழில் அது தரப்பெற வேண்டும். நூலை வெளியிடுமுன், துறையறியாத ஒருவரிடம் வாக்கியத்தைப் படித்துக்காட்டி, அவர் அச்செயலைச் செய்துகாட்டும்படி கேட்பது தக்க சோதனையாகும். அவர் தலையை மட்டும் திருப்பினாலோ வேறு பக்கம் திருப்பினாலோ திருத்தப்பட வேண்டியது வாக்கியமே.