ரஸ்கினின் கல்லும் இப்னுல் ஹைதமின் கண்ணும்

ஆசிரியர் துணையின்றி ஓவியம் பயில விரும்புவோர்க்கென ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள், ஜான் ரஸ்கினின் ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் டிராயிங்’ இன்றளவும் படிக்கப்படுகிறது. லண்டன் தொழிலாளர் கல்லூரியில் ஓவியம் கற்பித்து வந்த ரஸ்கின், 1857-இல் மூன்று கடிதங்களாக இதனை வெளியிட்டார்.

முதற்பாடமே பொறுமையைச் சோதிப்பது. சிறிய சதுரம் ஒன்றைப் பேனாவின் நுண்கோடுகளால், எங்கும் ஒரே சாம்பல் நிறம் தோன்றும்வரை நிரப்ப வேண்டும். ஒரே அலிஃபைப் பலகை நிறைய எழுதிப் பழகியோர்க்கு இது புதிதன்று. பின்னர், தெருவிலோ தோட்டத்திலோ கிடைக்கும் உருண்டைக் கல்லொன்றை எடுத்து வந்து வரையச் சொல்கிறார். அதன் திரட்சியை நிழலால் காட்ட வல்லவனுக்குப் பிறவும் கைவரும் என்பது அவர் துணிபு. உருவம் வரைவதில் தயங்கும் நம் குடும்பங்களுக்கு இங்கே தடையேதும் இல்லை. உருவங்கள் வரைந்து பிழைத்த ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதன்றோ!

நூலின் குறை ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது. கண் காண்பது வண்ணத் திட்டுகளையே. திரண்ட வடிவம் அனுபவத்தால் அறியப்படுவது. ஆதலின் ஓவியன் குழந்தையின் கள்ளமறியாக் கண்ணை மீட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். அனுபவம் பற்றிய கூற்றில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், நாற்பது வயதில் பென்சில் எடுப்பவன் அறிந்ததை மறப்பது எங்ஙனம்? மறக்க இயலாதபோது, தனக்கு இக்கலை வாய்க்கவில்லை என்றெண்ணித் தாளை மடித்து வைத்துவிடுகிறான். இந்தத் தீங்கைச் சிறிதென்று கொள்ள என்னால் இயலவில்லை.

11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கிதாபுல் மனாழிர்’ இயற்றிய இப்னுல் ஹைதம், பார்வையோடு அறிவின் தீர்ப்பும் கலந்தே நிகழ்கிறது என்றார்; அது மிக விரைந்து நிகழ்வதால் நாம் உணர்வதில்லை. எழுத்தறிந்தவன் ‘அப்ஜத்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக ஆராயாமலே அறிந்துகொள்வதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவ்வறிவைக் களையச் சொல்லவில்லை. மேலோட்டமான நோக்கினின்று ‘தஅம்முல்’ என்னும் ஊன்றிய நோக்கை வேறுபடுத்தி, பொருளின் பகுதிதோறும் கண்ணைச் செலுத்தியே அதன் உண்மை வடிவு உறுதியாகும் என்றார்.

கல்லை வரைபவன் செய்வதும் இதுவே. கல் உருண்டை என்பதை அவன் மறக்கவில்லை. இந்த விளிம்பில் நிழல் எவ்வளவு, அந்த விளிம்பில் எவ்வளவு என்று கண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ரஸ்கினின் கொள்கையினும் அவர் வகுத்த பயிற்சி மேலானது. நூலைக் கையிலெடுப்போர் அடிக்குறிப்பைக் கடந்துசெல்லலாம். சாம்பற் சதுரத்தை மட்டும் கடந்துவிட வேண்டாம்.