கட்டிவிட்டுப் போனவள்

செவிலிமேட்டில் என் நண்பர் ஒருவர் தறி போட்டிருக்கிறார். அவர் பெண் நர்ஸிங் படிக்கிறாள். போன தடவை நான் போயிருந்தபோது என் பழைய நாவல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மனநோய் வார்டில் ராத்திரி ஒரு நர்ஸ் நோயாளியைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போகிற கட்டம்.

"இவள் கட்டிவிட்டு எங்கே போகிறாள் மாமா?" என்றாள்.

அத்தியாயம் முடிந்தது, போனாள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாணவிகள் முதலில் ஒருவரையொருவர் கட்டிப் பழகினார்களாம். மூக்கு அரித்தால் சொறிய முடியாமல் கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். ஒருத்தி தலைமாட்டில் நின்று நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்தால் அவிழ்கிற முடிச்சுத்தான் போட வேண்டும். அதையும் கட்டில் சட்டத்தில் போட வேண்டுமே தவிர, ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் போடக் கூடாது. அப்புறம் விரல் சில்லிட்டதா, நீலம் பாய்ந்ததா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். கட்டியவள் நகரவே முடியாது!

இந்த நர்ஸ் நம் கதைகளில் அகப்படுவதில்லை. சினிமாவிலும் அப்படித்தான். 1969-ல் வந்த இந்திப் படம் 'காமோஷி'யில் வஹீதா ரஹ்மான் காதலிப்பதாக நடித்து நோயாளியைக் குணப்படுத்துகிறார். முடிவில் தாமே அங்கே நோயாளியாகிறார். உயர்ந்த நடிப்புத்தான், ஆனால் நர்ஸின் கைகளுக்கு அதில் வேலை கிடையாது. 1999-ல் வந்த 'சேது'வில் சங்கிலி இருக்கிறது, செவிலி இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநல விடுதிக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சங்கிலியில் இருந்தவர்கள்.

சங்கப் புலவர்கள் நம்மைவிடக் கவனமானவர்கள். தலைவியை இற்செறித்துக் காவல் வைக்கிற வீட்டில் செவிலியும் உண்டு. பெண் உடன்போக்கில் போய்விட்டால் சுரத்தில் தேடி அலைகிறவளும் அவள்தான்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுத்துவிட்டது. உடனே நேரப்போகும் தீங்கைத் தடுக்க வேறு வழி இல்லை என்றால்தான், மனநல மருத்துவர் அனுமதித்து, கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்பதற்காக மட்டும் கட்டவும் கூடாது. என் நாவலில் அவள் கட்டியதே வார்டில் ஒற்றை ஆளாக இருந்ததனால்தான். அதை நான் சோகமாக எழுதியிருந்தேன். தவறு என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுபதிப்பு வரப்போகிறது. பழைய பக்கங்களையே போட்டுவிடலாம் என்கிறார் பதிப்பாளர். அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.