திட்டத்தில் வராத பாத்திரம்

வட்டார வளர்ச்சித் திட்டங்களையும் நான் நாவலைப் படிப்பதுபோலத்தான் படிக்கிறேன், மனிதர்களைத் தேடுகிறேன். சாலை வருகிறது, தொழிற்பேட்டை வருகிறது. தெருமுனையில் இட்லி விற்கும் கிழவி மட்டும் வருவதில்லை.

"அவளும் குறுந்தொழில் கணக்கில் சேர்த்திதானே?" என்பார்கள். சேர்த்திதான். ஆனால் 2025 ஏப்ரல் முதல் அந்தக் கணக்கின் உச்சவரம்பு 2.5 கோடி ரூபாய் முதலீடு, 10 கோடி ரூபாய் விற்றுமுதல்! அத்தனை பெரிய முதலாளிக்கும் கிழவிக்கும் ஒரே பெயர். சலுகை யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, 2013-14இல், நாட்டில் சுமார் 5.85 கோடி தொழில் நிலையங்களை எண்ணியது. அவற்றில் நூற்றுக்குச் சுமார் 72, நிரந்தரக் கூலியாள் ஒருவர்கூட இல்லாதவை. பெரும்பாலோரை விட்டுவிட்டு எழுதிய கதை என்ன கதை?

ஒன்றை மறந்துவிட்டேன். சாலையை அகலப்படுத்தும் அத்தியாயத்தில் கிழவி வருகிறாள். 'ஆக்கிரமிப்பு' என்ற பெயரில்.