டெர்மினேஷன் யாருடைய சொத்து?

ஆர்எஸ்-485 போர்ட் உள்ள அடாப்டர் கார்டுகளின் கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கும். 232-ஆ, 422-ஆ, 485-ஆ என்று தேர்வு செய்ய ஜம்பர் படமும் இருக்கும். டெர்மினேஷனுக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஜம்பரைப் போட்டால் 120 ஓம் சேரும், எடுத்தால் போகும். எப்போ போடணும், எப்போ போடக் கூடாதுன்னு பேச்சே இருக்காது.

என் புகார் அந்த வரியின் நீளம் பற்றியது அல்ல. பாட் ரேட் என்பது போர்ட்டின் அமைப்பு. அதே பக்கத்தில் டெர்மினேஷனையும் வைத்தால், அதுவும் கார்டின் குணம் என்றே படிப்பவர் நினைப்பார். உண்மையில் அது கேபிளின் குணம். லைனின் இரண்டு நுனிகளில் மட்டும் நின்று, வரும் சிக்னல் எதிரொலிக்காமல் உறிஞ்சிக்கொள்வதுதான் அந்த ரெசிஸ்டரின் வேலை. தான் நுனியில் இருக்கிறோமா, நடுவில் இருக்கிறோமா என்று கார்டுக்கு எப்படித் தெரியும்?

"போட்டு வைத்தால் நல்லதுதானே" என்று எல்லா கார்டிலும் போட்டுவிடுகிறார்கள். இரண்டு 120 சேர்ந்தால் டிரைவருக்குச் சுமை 60 ஓம்; நாலு சேர்ந்தால் 30. தரநிலை டிரைவரிடம் எதிர்பார்ப்பதே 54 ஓம் சுமையில் 1.5 வோல்ட்தான். 30 ஓமில் சிக்னல் சுருங்கும். மேசையில் ஓடும், பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடும் இடத்தில் தடுமாறும்.

இன்னொன்று, எல்லா லைனுக்கும் இது தேவையும் இல்லை. 9600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட். 100 மீட்டர் கேபிளில் எதிரொலி போய்த் திரும்ப ஏறத்தாழ 1 மைக்ரோசெகண்ட். ரிசீவர் பிட்டின் நடுவில் பார்ப்பதற்குள் அது அடங்கிவிடும். அதே கேபிளில் 1 மெகாபிட் என்றால் பிட்டே 1 மைக்ரோசெகண்ட்தான். அப்போது டெர்மினேஷன் இல்லாமல் முடியாது.

போட்டதும் வேறொரு சிக்கல் வரும். யாரும் பேசாத நேரத்தில் இந்த ரெசிஸ்டர்கள் இரண்டு கம்பிகளையும் ஒரே வோல்டேஜுக்கு இழுத்துவிடும். 200 மில்லிவோல்ட் வித்தியாசமாவது இல்லாவிட்டால் பழைய ரிசீவர்கள் 0 என்றும் சொல்லலாம், 1 என்றும் சொல்லலாம். யாரும் அனுப்பாத எழுத்துகள் திரையில் வரும். 5 வோல்ட்டில் இதைச் சரிக்கட்ட பக்கத்துக்கு ஏறத்தாழ 720 ஓம் பயாஸ் வேண்டும். கார்டில் 4.7 கிலோ ஓம் இருந்தால் கிடைப்பது 30 மில்லிவோல்ட் சொச்சம். புதிய ரிசீவர்கள் பலவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டெர்மினேஷன் ஜம்பரைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே பயாஸையும் சொல்வதுதானே முறை?

ஜம்பர் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கார்டு பழுதென்று கழற்றினால் டெர்மினேஷனும் கூடவே போய்விடும். மாற்று கார்டு தொழிற்சாலை அமைப்பிலேயே வந்து உட்காரும். திட்டு வாங்குவது டெக்னீஷியன். கடைசி டெர்மினல் பிளாக்கில் முடுக்கிய ரெசிஸ்டர் கேபிளோடே இருக்கும். லினக்ஸில் டெர்மினேஷனுக்கென்றே ஒரு கொடி உண்டு. போர்டில் அதற்கான சுற்று இருந்தால், பெட்டியைத் திறக்காமலே நிலையைப் பார்க்கலாம். அதுவும் நல்ல வழி.

கையேடு எழுதுபவர்கள் கூடுதலாக நாலு வரி எழுதினால் போதும்: மின்சாரத்தை நிறுத்து. இரண்டு கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை வை. 60 ஓம் பக்கம் காட்டினால் சரி. 120 என்றால் ஒன்று குறைகிறது, 40 என்றால் ஒன்று அதிகம்.