நான்கு அசைத் தாளம்

மெக்சிகோ நகரத் தேசிய நூலகத்தில் 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பு ஒன்று இருக்கிறது: ‘கன்தாரெஸ் மெக்சிகானோஸ்’. ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழிப் பாடல்கள். எழுத்து மட்டும் ரோமன்.

அதில் ருசியான பகுதி, சில பாடல்களோடு எழுதிவைத்த முரசுச் சொற்கட்டு. தி, தோ, கி, கோ என்ற நான்கே அசைகளை மாற்றி மாற்றி அடுக்கித் தாளத்தைக் குறித்துவிட்டார்கள். கருவிகள் இரண்டு. நிமிர்த்தி வைத்துக் கையால் தட்டும் தோல் முரசு ஹுவேஹுவெட்ல். மரத்தைக் குடைந்து, மேலே இரண்டு நாக்கு வெட்டி, ரப்பர் முனைக் கோலால் அடிக்கும் தெபோனாஸ்ட்லி. நாக்குக்கு ஒரு சுரம்.

பாடல்கள் சிலவற்றை டெக்ஸ்கோகோ அரசர் நெசவால்கோயொட்ல் (1402–1472) இயற்றியதாகச் சொல்வது வழக்கம். அவரா, அவர் குரலில் பின்னாளில் பாடிய யாரோவா? ஐயம் நியாயமானதுதான்.

ஏட்டில் பார்க்கக் கிடைத்தால், அந்த அசைகளை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகு பாடலுக்குப் போகலாம்.